பசை பட்டது

1

இந்தக் கதை என் பல் உடைந்ததால் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வாகாக அமையவில்லை. ஐஸ் கட்டியைக் கடித்தேன், முன்பல்லின் ஓரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

பல் மருத்துவர் பார்த்துவிட்டு, "நிறம் சரியா அமையணும்னா மேல போய் லேப் அக்காகிட்ட நேர்ல காட்டிடுங்க" என்றார். மாடிக்குப் போனேன். ஒற்றை அறை. நீளமான மேசை நிறையப் பிளாஸ்டர் தாடைகள், மெழுகில் பதித்த பல் வரிசைகள், சின்னச் சின்ன அரங்கள். ஜன்னல் பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் ஒதுக்கி, அதில் ஒரு பழைய பிளாஸ்டிக் மாடல் விமானம். லேப் அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். என் உதட்டைத் தூக்கிப் பிடித்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வாய் விடுதலையானதும் கேட்டேன். "அந்தப் பிளேன் நீங்க பண்ணதா?"

"பாதி நான் பண்ணது."

"மீதி?"

"அது வேற ஒருத்தர்."

அதற்குள் கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பல் வந்தது, பொருந்தியது, இனி அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை. எனக்கு உண்மையாகத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கைச்சரக்கு.

(ஒரு திருத்தம். லேப் அக்காவை இனி 'அவள்' என்று எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'அவர்' என்று எழுதும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த நீளமான மேசை வந்து நின்றுகொள்கிறது. தவிர, பின்னால் ஒரு 'அவர்' வருகிறார். இரண்டு பேரையும் ஒரே சொல்லில் அழைத்தால் நீங்கள் தலையைச் சொறிவீர்கள்.)

2

தொடங்கிப் பார்த்த வாக்கியங்கள்:

பெட்டியைத் திறந்ததும் பழைய பிளாஸ்டிக்கின் வாசனை அவளை—

வேண்டாம். வாசனையில் தொடங்கினால் அடுத்த வரியில் குழந்தைப்பருவம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதைக் கிளப்ப முடியாது.

தனிமை என்பது—

இதுவும் வேண்டாம். 'என்பது' என்று ஆரம்பிக்கிற ஆளை நானே நம்பமாட்டேன்.

அவள் பல் கட்டுகிறவள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவளுக்குத் தெரியும், ஒருவருடைய முகமும்—

இது பரவாயில்லை, ஆனால் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் துருத்திக்கொண்டு தெரிகிறது. இருந்தாலும் விஷயம் சரிதான். கீழே மருத்துவர் எடுக்கும் அச்சு மேலே வரும். கூடவே ஒரு எண்ணும் நிறக் குறிப்பும் வரும். ஆள் வரமாட்டார். என்னைப் போல அபூர்வமாக யாராவது மாடியேறி வந்தால் அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியாது. உதட்டைத் தூக்கத்தான் தெரியும்.

கடையில் தொடங்கலாம்.

3

பழைய மாடல் விமானப் பெட்டிகள் விற்கும் கடை அது. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெட்டிக்குள் விமானம் இருக்காது. மூடியின் மேல் படத்தில் நெருப்பும் புகையுமாக ஆகாயமே இரண்டுபடும். உள்ளே பார்த்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் துணுக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, அரம் போட்டு, பசை வைத்து ஒட்டி, வண்ணம் அடித்துக்கொள்வது வாங்கியவர் பாடு.

கடையில் மூன்று தட்டுகள். மேல் தட்டில், சுற்றிய கண்ணாடித்தாளைக்கூடக் கிழிக்காத பெட்டிகள். அவற்றை வாங்குகிறவர்கள் சாகும்வரை திறக்கமாட்டார்கள். திறந்தால் மதிப்புப் போய்விடும். நடுத்தட்டில், திறந்து பார்த்துவிட்டுக் கை வைக்காமல் மூடியவை. கீழே தரையோடு தரையாகக் கிடப்பவற்றின் மேல் கடைக்காரர் ஒரு அட்டையில் எழுதிச் சாய்த்து வைத்திருந்தார்: 'பசை பட்டது'.

நம் பேச்சில் பசையுள்ள இடம் என்றால் பணம் புழங்குகிற இடம். இந்தக் கடையில் தலைகீழ். ஒரு துளி பசை பட்டால் போதும், பெட்டி செல்லாக்காசாகிவிடும். யாரோ ஆசை ஆசையாகத் தொடங்கி, விமானி இருக்கையை ஒட்டி, ஒரு சக்கரத்தையும் ஒட்டி, அப்புறம் பரீட்சை வந்தோ கல்யாணம் ஆகியோ சும்மா அலுத்துப்போயோ பரணில் போட்ட பெட்டி. சேகரிக்கிறவர்கள் அதைக் காலால்கூடத் தொடமாட்டார்கள்.

அவள் அதை மட்டும்தான் வாங்குவாள்.

"அக்கா, ஒரு தடவையாவது புதுசா ஒண்ணு எடுத்துப் பாருங்களேன்" என்பார் கடைக்காரர்.

"புதுசுல உள்ள யாரும் இருக்கமாட்டாங்களே."

கடைக்காரர் சிரிப்பார். புரிந்து சிரிக்கிறாரா, வாடிக்கையாளர் என்பதற்காகச் சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது.

பசை வைக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் அவசரக்காரர். காய்வதற்குள் அமுக்கிப் பார்த்திருப்பார், பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கும். இன்னொருவர் எல்லா உறுப்பையும் முதலிலேயே வெட்டிக் குவித்துவிட்டு, எது எதுவென்று தெரியாமல் தலையில் கை வைத்துக்கொண்டவர். ஒரு மகானுபாவர் விமானியைத் திருப்பி ஒட்டிவிட்டு, குட்டு வெளிப்படாமல் இருக்கக் கண்ணாடி மூடி முழுக்கக் கறுப்பு அடித்திருந்தார். அவள் சுரண்டி, பிரித்து, திருத்தி, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். வேலை முடிந்து வீட்டு மேசையில் உட்கார்ந்தால், எதிர் நாற்காலியில் ஒரு ஆள் இருப்பதுபோல இருக்கும். "ஏம்ப்பா, இத்துனூண்டு சக்கரத்துக்கு இவ்வளவு பசையா?" என்று வாய்விட்டுக் கேட்டும் இருக்கிறாள்.

வேறு நாட்டில் இருக்கும் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"இன்னும் அந்தப் பொம்மையோடதான் மல்லுக்கட்டுறியா? ஒரு பூனையாவது வளரேன்க்கா."

"பூனை முழுசா வரும்டி. அதுல நான் பண்ண என்ன இருக்கு?"

(தங்கைக்குக் கணவன், பிள்ளைகள் எல்லாம் கொடுத்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் போனில் மட்டும் வந்துவிட்டுப் போகட்டும். லேப் அக்காவின் வீட்டுக்கும் அவள் அப்படித்தான் வருகிறாள்.)

4

ஒரு சமயம் கடைக்காரர் மொத்தமாக ஒரு மூட்டைப் பெட்டிகள் வாங்கிப் போட்டிருந்தார். எல்லாமே பசை பட்டது. அவள் ஒன்றை எடுத்துப் போனாள், அப்புறம் இன்னொன்று. மூன்றாவதைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. மூன்றும் ஒரே ஆளுடைய வேலை.

உறுப்பைச் சட்டத்திலிருந்து ஒட்ட வெட்டாமல் மயிரிழை விட்டு வெட்டி, பிறகு அரத்தால் தேய்த்துச் சமன் செய்யும் கை. பசை ஊசிமுனையால் தொட்டு வைத்தது, பிதுங்கலே கிடையாது. இருக்கையின் வார்களுக்கும் மீட்டர்களின் முள்ளுக்கும்கூட வண்ணம் அடித்திருந்தது. ஆனால் எல்லாமே ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தன. இந்த விமானங்களின் உடல் இடது, வலது என்று இரண்டு பாதியாக வரும். உள்வேலை முடிந்ததும் இரண்டையும் சேர்த்து ஒட்டி மூட வேண்டும். இந்த ஆள் மூடியதே இல்லை. இரண்டு பாதியையும் ஒரு ரப்பர் வளையத்தால் கட்டிப் பெட்டியில் வைத்திருந்தார். ரொம்ப வருஷம் கிடந்ததில் ரப்பர் இளகி, பிளாஸ்டிக்கோடு அப்பிக்கொண்டிருந்தது. அவள் பஞ்சை நனைத்து, பொறுமையாகத் துடைத்து எடுத்தாள்.

மறுநாளே கடைக்குப் போய் மூட்டையில் மிச்சமிருந்ததையும் வாங்கி வந்துவிட்டாள். அவருக்குப் பாதிக்காரர் என்று பெயரும் வைத்தாள்.

மற்றவர்களுடைய பெட்டிகளைத் தொடர்ந்ததுபோல இவற்றை அவளால் தொடர முடியவில்லை. திருத்த ஒன்றும் இல்லை. சாயங்காலமானால் ஒன்றைத் திறப்பாள், வளையத்தைக் கழற்றுவாள், உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்ப்பாள், புது வளையம் போட்டு மூடுவாள். அந்த நேரத்துக்காகவே மத்தியானத்திலிருந்து காத்திருக்க ஆரம்பித்தாள். தனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டதாக அவள் நினைத்தாள், அப்படி நினைப்பது கிறுக்குத்தனம் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே மண்டைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

[இந்த இடத்தில் ஒரு ரகசியம் வைக்கப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் யாருடைய பெயரையாவது எழுதி வைத்திருப்பார், ஒரு பெண்ணின் சின்னப் படத்தை ஒட்டியிருப்பார் என்று. அடித்துவிட்டேன். உள்ளே இருந்தது நன்றாக வண்ணம் அடித்த ஒரு இருக்கைதான். அவளுக்கு அது போதும் என்றால் நான் யார் குறை சொல்ல?]

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்ய மறந்துவிட்டாள். காலையிலிருந்து கதவைத் தட்டியது ஒரே ஒருவர். அவரும் பக்கத்து வீட்டைத் தேடி வந்தவர். சாயங்காலம் அவள் வாயைத் திறந்தபோது குரல் கட்டியிருந்தது.

(இது அவளுடையது இல்லை, என்னுடையது. நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தால் முதல் சொல் கரகரவென்றுதான் வரும். அவளுக்கு இரவல் கொடுத்திருக்கிறேன்.)

மேசையில், ரப்பர் வளையத்துக்குள், பாதிக்காரருடைய விமானங்களிலேயே பெரியது கிடந்தது. இரட்டை எஞ்சின், மூக்குக்கு அடியில் முன்சக்கரம். "எல்லாத்தையும் இங்கயே விட்டுட்டுப் போனா என்ன அர்த்தம்?" என்றாள். கோபமாக வந்தது. இத்தனை நாள் எதிர் நாற்காலியில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் கதவுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவராகத் தெரிந்தார். பசைக் குப்பியைத் திறந்தாள்.

இந்த அளவு விமானத்தை மூடுவது ஒருவர் பிடிக்க ஒருவர் ஒட்டுகிற வேலை. உள்ளே இருக்கை, மேல்பக்கத் துப்பாக்கிக் கூண்டு, சக்கரத்தின் கால் எல்லாவற்றையும் இடம் நழுவாமல் நிறுத்திக்கொண்டே இரண்டு பாதியையும் சேர்க்க வேண்டும். அவளிடம் பல் செட்டின் அச்சைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி ஒன்று இருந்தது. அதில் மாட்டி, ஒற்றை ஆளாக மூடினாள். காய்ந்த பிறகு இணைப்பு தெரியாமல் தேய்த்தாள். றெக்கைகளை ஒட்டாமல் சும்மா சொருகி, சக்கரங்களை மாட்டி, மேசையில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள்.

விமானம் மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. வாலை மேசையில் ஊன்றி, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

முன்சக்கரம் உள்ள விமானத்துக்கு, மூடுவதற்கு முன்பே மூக்குக்குள் ஈயம் வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் கனத்துவிடும். மனிதர்களுக்குத் தலைக்கனம் ஆகாது, இந்த வகை விமானத்துக்கு அது இல்லாமல் ஆகாது. இந்தத் தொழிலில் அரிச்சுவடி இது. அவள் எப்படி மறந்தாள்?

மறக்கவில்லை. இந்தப் பெட்டியில் மூக்கு தனித்துண்டு. பாதிக்காரர் அதைப் பின்தகடு வைத்து ஏற்கெனவே ஒட்டி முடித்திருந்தார். மீட்டர் முள்ளுக்கு வண்ணம் அடித்த மனிதர் ஈயம் வைக்காமலா ஒட்டியிருப்பார் என்று அவள் நம்பிவிட்டாள். கையில் தூக்கிக் கனம் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. இன்னொருவர் தொடங்கியதைத் தொடர்கிறவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

வேலைக்கு ஆகாத கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து வாலுக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். விமானம் நிமிர்ந்து நின்றது. பார்க்கப் பரவாயில்லாமல்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

6

முதல் பிரதியில் பாதிக்காரரைச் சாகடித்திருந்தேன்.

"அவர் போய்ச் சேர்ந்துட்டாருக்கா" என்று கடைக்காரர்—

செத்தவரை வைத்து எழுதுவது சுகமான வேலை. அவர் திரும்பி வந்து எதையும் கேட்கமாட்டார். அவளும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் அந்தப் பாதிகளோடு காலம் தள்ளுவாள், நான் ஜன்னல் வெளிச்சத்தை வர்ணித்து முடித்துவிடலாம். படித்துப் பார்த்தபோது அவள்மேல் எனக்கு அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. அவள் தனியாக இருப்பது எனக்குத் தோதாக இருந்தது. அதனால் ஆளை எழுப்பிவிட்டேன்.

கடைக்காரர் போன் செய்தார்.

"அக்கா, ஒரு சின்னச் சிக்கல். அந்த மூட்டைப் பெட்டி இருக்குல்ல, அதைக் கொண்டாந்து போட்டது அதையெல்லாம் செஞ்சவரோட பொண்ணாம். வீடு மாத்துறப்ப இடம் இல்லன்னு போட்டுட்டாங்க. அவருக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு. இங்கதான் நிக்கிறார்."

"சத்தம் போடுறாரா?"

"போட்டாக்கூடப் பரவால்ல. கீழ்த்தட்டையே பார்த்துக்கிட்டு சும்மா நிக்கிறார். உங்க அட்ரஸ் குடுத்துடவா?"

கொடுத்தால் பெட்டிகள் போய்விடும். சாயங்காலங்களும் அவற்றோடு போகும். கொடுக்காவிட்டால், தன் கைவேலை இருக்கும் பெட்டிகளைத் தேடி ஒரு மனிதர் கடை கடையாக நிற்பார். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாலுக்கு அடியில் பல்லோடு நின்ற அந்த விமானத்தைப் பார்த்தாள். ஒன்றை வேறு கெடுத்து வைத்திருக்கிறாள்.

"குடுங்க" என்றாள்.

7

(நான் பார்த்த விமானம் லேபில் இருந்தது. அதை வீட்டுக்கு மாற்றிவிட்டேன். கதையில் அழைப்பு மணி அடிக்க ஒரு வீடு வேண்டியிருந்தது.)

மணி அடித்தது. அறுபது தாண்டிய, ஒல்லியான மனிதர். லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க ஊரை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, தான் மட்டும் எங்கே போனாலும் படியில்தான் ஏறுவார். மூச்சு வாங்கியது. கக்கத்தில் ஒரு பெரிய பையை மடித்து வைத்திருந்தார்.

"பெட்டி விஷயமா..."

"தெரியும் சார். உள்ள வாங்க."

பெட்டிகளை அவள் கதவுப் பக்கமே அடுக்கி வைத்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மேலே இருந்ததைத் திறந்து பார்த்தார்.

"ரப்பர் மாத்தியிருக்கீங்க."

"பழசு உருகி ஒட்டிக்கிச்சு. துடைச்சு எடுத்துட்டேன்."

"ஆமாங்க, அது ஒரு சனியன்." ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஒண்ணு குறையுதே."

அவள் மேசையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். விலகினாள்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் விரலை ஓட்டினார். "மூடிட்டீங்க."

"மன்னிச்சுக்கங்க சார். உங்களோடதுன்னு தெரியாது."

"இது என்ன, பல்லா?"

"கடவாப் பல்லு. சரியா வராதது."

அவர் பல்லை எடுத்தார். விமானம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஈயம் வைக்கலையா?"

"நீங்க வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நானா? மூடினாத்தானே நிக்க வைக்கணும். நிக்க வைக்கப் போறதே இல்ல, நான் எதுக்கு வைக்கப்போறேன்?"

இரண்டு பேரும் அந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் இத்தனை நாளாக எதிர் நாற்காலியிடம் கேட்டதை ஆளிடமே கேட்டாள். "ஏன் சார் ஒண்ணைக்கூட மூடல?"

[அவருக்காக நான் யோசித்து வைத்திருந்த பதில்கள்: மூடினால் உள்ளே செய்த வேலை இருட்டில் போய்விடும். முடிந்துபோனதோடு ஒன்றும் பேச முடியாது. வாழ்க்கையும்— இல்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் இப்படியெல்லாம் பேசமாட்டார். அவர் சொன்னது கீழே.]

"அதுக்கு நாலு கை வேணும்ங்க. முன்னாடி பொண்ணு பிடிச்சுக்குவா. அப்புறம் அவளுக்குப் படிப்பு, வேலை, வேற வீடு. சரி, யாராவது வருவாங்க, அப்ப மூடிக்கலாம்னு கட்டிக் கட்டி வெச்சேன்." இணைப்பு இருந்த இடத்தை மறுபடி தடவிப் பார்த்தார். "நீங்க எப்படித் தனியா மூடினீங்க?"

அவள் அலமாரியைக் காட்டினாள். "அந்த இடுக்கியில மாட்டிதான்."

"அட" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் எல்லாவற்றையும் அதில் மாட்டியே முடித்துக்கொண்டவள் என்பது ஒரு அந்நியருக்குத் தெரிந்துவிட்டது.

8

இங்கே இரண்டு முடிவுகள் இருக்கின்றன, இரண்டும் தயாராகவே இருக்கின்றன.

முதலாவது: அவர் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். மூடியதை அவளிடமே விட்டுவிடுகிறார். அவள் பல்லை மறுபடி வாலுக்கு அடியில் வைக்கிறாள். வெளிச்சம் மங்குகிறது. இதை எழுதினால் நல்லதாக நாலு பேர் சொல்வார்கள். துக்கத்தை அடக்கி வாசித்திருக்கிறார் என்பார்கள். அவளுக்கு என்ன லாபம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது: அடுத்த வருஷம் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தங்கை விமானத்தில் வந்து இறங்குகிறாள், நிஜ விமானத்தில்— சிரிக்காதீர்கள். இதையும் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம்வரை சந்தோஷமாகவே போயிற்று. பிறகு பார்த்தால் அந்த இருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அவர்கள் மேசையருகே என்ன செய்தார்கள் என்று மட்டும் பார்க்கிறேன்.

மறுபடியும் 8

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார் அவர். "முன்சக்கரக் குழிக்குள்ள சின்னதா ஓட்டை போட்டா நேரா மூக்குக்குப் போயிடும். ஈயக் குண்டு நாலு உள்ள தள்ளி, கொஞ்சம் பசை ஊத்தி அடைச்சா முடிஞ்சது. வெளிய தெரியாது. உட்கார்ந்தா டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்."

சரியான யோசனை. இந்த வேலை தெரிந்த யாரும் இதைத்தான் செய்வார்கள். அவளிடம் ஊசி போன்ற துளைக் கருவிகள் டஜன் கணக்கில் இருந்தன. பல்லிலேயே ஓட்டை போடுகிறவளுக்குப் பிளாஸ்டிக் ஒரு பொருட்டா? அவள் அதை நினைத்தாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்பதையும் நினைத்தாள்.

"வேண்டாம் சார். பழைய பிளாஸ்டிக். ஓட்டை போட்டா விரிசல் விடும்."

விடாது. அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், பிறகு விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ இல்லாத விரிசலைத் தேடுகிறவர்போல.

"ஆமாம்" என்றார். "விடும்."

"இணைப்போட பிரிச்சு, பின்தகட்டைக் கழற்றி, ஈயம் வெச்சு, மறுபடி மூடிடலாம்."

"நேரம் பிடிக்குமே."

"பிடிக்கும்."

அவள் டீ போட்டு வந்து வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். றெக்கைகளை உருவி வைத்தார்கள். அவள் மெல்லிய பிளேடால் முதுகுப் பக்கம் கோடு போட்டு, அழுத்தாமல், அதே கோட்டில் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் நிறுத்தினால் அவர் ஓட்டினார். பேச்சு அதிகம் இல்லை. "அந்தப் பக்கம் கெட்டியா இருக்கு", "மெதுவா", "உங்க விரலை எடுங்க", இவ்வளவுதான். டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. ஒருவழியாக 'டக்' என்று பிரிந்தது, ஒரு துளிகூட உடையாமல். உள்ளே அந்த இருக்கை.

"சிவப்புல வார் அடிச்சிருக்கீங்களே, ஏன்?" என்று கேட்டாள். ரொம்ப நாள் சந்தேகம்.

"காக்கி தீர்ந்துபோச்சு."

அவள் சிரித்தாள். அந்தச் சத்தம் அந்த வீட்டுக்குப் பழக்கமில்லாதது, அவளுக்கே கொஞ்சம் திடுக்கென்றது.

ஈயம் வைத்தார்கள். அவர் ஊசிமுனையால் பசை தொட்டு வைத்துக்கொண்டே வந்தார், அவள் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தாள். ஓரிடத்தில் இருக்கை நழுவப் பார்க்க, அவர் கையையும் கொடுத்து அமுக்கினார். பசை பிடிக்கும்வரை எடுக்கக் கூடாது. இடுக்கி எட்டும் தூரத்தில் அலமாரியில் இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள், யாரும் எழுந்து எடுக்கவில்லை. நாலு கையும் மேசை நடுவில் ஒரு சாம்பல் நிறப் பொம்மையைப் பிடித்துக்கொண்டிருக்க, வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

9

பசை பிடித்துவிட்டது. கையை எடுத்தாகிவிட்டது. நிறுத்திப் பார்த்தார்கள், நின்றது. இனி அவர் உட்கார்ந்திருக்கக் காரணம் இல்லை. பெட்டிகளைப் பையில் வைத்துவிட்டார். மூடியதை எடுத்துக்கொள்வதா விட்டுப்போவதா என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. கதவுப் பக்கம் போய்விட்டார்.

இப்போது அவள் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று போதும். எழுதி எழுதிப் பார்த்தேன்.

"நேரம் கிடைச்சா வாங்க சார்."

இப்படிச் சொன்ன வீட்டுக்கு யாரும் போனதில்லை. நானும் போனதில்லை.

"மத்ததுக்கும் ஈயம் வைக்கணும்ல..."

நல்ல சாக்குதான். ஆனால் மறுபடியும் பெட்டியைப் பற்றிய பேச்சு. அவருக்கு வீட்டில் ஈயம் இருக்கும்.

"நீங்க போயிட்டா எனக்கு—"

இதை அவள் சாகும்வரை சொல்லமாட்டாள். எழுதியதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தெரியவில்லை. தனியாக இருந்து பழகியவர்களுக்கு எல்லா வேலைக்கும் ஒரு இடுக்கி கிடைத்துவிடுகிறது, இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கிடைப்பதில்லை. அவளுக்கு இதில் பழக்கம் விட்டுப்போயிற்று. எனக்கும் விட்டுப்போயிற்று. அதனால்தான் இத்தனை எண் போட்டு, இத்தனை அடைப்புக்குறி போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

உங்கள் வீட்டில் இப்போது பக்கத்து அறையில் யாராவது இருக்கலாம். தினமும் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள். யோசித்துக் கூப்பிடுவதில்லை, குரல் தானாக வருகிறது. அந்தக் குரலில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் இங்கே வேண்டும். இலக்கணம் பார்க்க வேண்டாம். அவர் குனிந்து ஒரு செருப்பை மாட்டிவிட்டார், இன்னொன்று கோணலாகக் கிடப்பதால் காலால் துழாவிக்கொண்டிருக்கிறார். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள். அவள் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வாள்.

"                                        " என்றாள்.